தொகைக்குறிக்கு விட்ட இடம்

என் கணித ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவர் தொகைக்குறி வரும் இடமெல்லாம் வெற்றிடம் விட்டுத் தருவார். இரவில் உட்கார்ந்து கறுப்பு மையால் ஒவ்வொன்றாக வரைவேன். மூன்று படிகள்; மூன்றிலும் வரைய வேண்டும். அதனால்தான் கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத்தின் வேதனை எனக்கு உடனே புரிகிறது.

அவருடைய ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ இரண்டாம் தொகுதி 1969இல் மோனோடைப் ஈய எழுத்தில் அழகாக வந்திருந்தது. 1977இல் மறுபதிப்புக்கான மெய்ப்பு ஒளியச்சுக் கோப்பில் வந்தது. அவருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டில் தாமே அச்சுக்கோக்கும் மென்பொருள் எழுதத் தொடங்கினார். சீக்கிரம் முடியுமென்று நினைத்த வேலை ஏறத்தாழப் பத்தாண்டு இழுத்தது. அதுதான் டெக். வரி வரியாக முடிவெடுக்காமல், முழுப் பத்தியையும் பார்த்து, எங்கே மடக்கினால் இடைவெளி சீராக இருக்கும் என்று அது கணக்கிடும். ஈயம் கோத்த கைகளின் பொறுமை அதில் இருக்கிறது. விலையும் வைக்கவில்லை, மனிதர்.

1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லேடெக்கைக் கட்டினார். தேற்றம் என்று பெயர் சொன்னால் போதும். எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். அதில் நான் முதன்முதலாக அச்சிட்டெடுத்த தொகைக்குறித் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.