இராமநாதபுரம் ஜமீன் வழக்கு (1868)

இராமநாதபுரம் ஜமீன் வழக்கு என்பது, சேதுபதி மரபினரின் ஜமீனை வாரிசற்ற சொத்து எனக் கூறிச் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொள்ள முனைந்தபோது, அம்மரபினர் இலண்டனிலிருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை வழக்காடி, 1868-இல் தங்கள் உரிமையை நிலைநாட்டிக்கொண்ட வழக்காகும். கணவனை இழந்த பெண் ஒருத்தி, கணவன் உயிரோடிருந்தபோது தந்த அனுமதி இல்லாமலேயே, அவனுடைய உறவினர்களின் இசைவோடு பிள்ளையைத் தத்தெடுக்கலாமா என்பதே இவ்வழக்கில் எழுந்த சட்டக் கேள்வி. இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ள அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அக்காலத்தில் இந்த ஜமீனைச் சேர்ந்திருந்தமையால், அங்குள்ள குடியானவர்கள் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கை யாருக்கு அளப்பது என்பதும் இவ்வழக்கின் முடிவைப் பொறுத்தே அமைந்தது.

நிலமும் மேல்வாரமும்

அருப்புக்கோட்டையைச் சூழ்ந்த பகுதி பெரும்பாலும் கரிசல் மண்ணால் ஆனது. பருத்தி, கம்பு, சோளம் முதலிய புஞ்சைப் பயிர்கள் அங்கு மழையை நம்பியே விளைகின்றன. திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு ஆகையால், வடகிழக்குப் பருவமழையில் வரும் வெள்ளத்தைத் தேக்கிவைக்கும் ஏரிகளே நஞ்சைக்கு ஆதாரம். கண்மாய் என்று இப்பகுதியில் வழங்கப்படும் இந்த ஏரிகள், ஒன்று நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்ததைச் சேரும் வகையில் தொடர்தொடராக அமைக்கப்பட்டவை. ஒரு கரை உடைந்து பழுதுபார்க்கப்படாமல் கிடந்தால் அதற்குக் கீழுள்ள ஊர்களும் தரிசாகும்.

இத்தகைய சீமையில் ஜமீன் என்பது உழும் நிலத்தின் நேரடி உடைமையைக் காட்டிலும் விளைச்சலில் பங்கு பெறும் உரிமையையே பெரிதும் குறித்தது. நஞ்சை அறுவடையில் கதிரடித்துப் பொலி தூற்றி முடிந்ததும் களத்திலேயே நெல் அளக்கப்பட்டு, ஜமீனுக்குரிய மேல்வாரம், உழுதவனுக்குரிய குடிவாரம் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. மேல்வாரத்தைப் பெறுபவர் கண்மாய்களின் மராமத்தைக் கவனிக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் மறுபக்கம். ஆகவே அரசக் குடும்பம் நீதிமன்றத்தில் கோரிய சொத்து, களத்தில் குவிந்த அந்த நெற்குவியலின் ஒரு பகுதியும் அதனோடு சேர்ந்த பொறுப்புகளுமே ஆகும்.

1795-ஆம் ஆண்டின் பறிமுதல்

சேதுவின் காவலர் என்ற பொருள்படும் சேதுபதி என்னும் பட்டத்தோடு மறவர் சீமையை ஆண்டுவந்த இம்மரபினர், இராமேசுவரம் கோயிலின் புரவலராகவும் விளங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்காட்டு நவாபின் படைகளும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளும் இராமநாதபுரத்தைக் கைப்பற்றின. பின்னர் அரசுரிமை திரும்பக் கிடைத்தபோதும் நவாபுக்கும் கம்பெனிக்கும் உட்பட்ட நிலையிலேயே சேதுபதி ஆளவேண்டியிருந்தது. கப்பம் குறித்தும், துணி, தானிய வணிகத்தில் கம்பெனி நாடிய ஆதிக்கம் குறித்தும், சிவகங்கையோடு நிலவிய பூசல் குறித்தும் கருத்து மாறுபாடு முற்றியதன் விளைவாக, 1795-இல் முத்துராமலிங்க சேதுபதி பதவியிலிருந்து நீக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். சிறை மீளாமலேயே 1809-இல் அவர் சென்னையில் இறந்தார்.

இந்தப் பறிமுதலை எதிர்த்து நீதிமன்றம் செல்ல வழி எதுவும் இருக்கவில்லை. மாறாக, 1799-இல் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பகுதிகளில் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் மக்கள் கிளர்ந்தெழுந்து கம்பெனியின் கச்சேரிகள் எனப்பட்ட அலுவலகங்களையும் கிடங்குகளையும் தாக்கினர். கட்டபொம்மன் மரபினர் கம்பெனியோடு நடத்திய பாஞ்சாலங்குறிச்சிப் போர்களும், நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளத்தில் பிறந்து சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் 1801-இல் தூக்கிலிடப்பட்டதும் ஆயுதப் போராட்டத்துக்கு முடிவு கட்டின. அதன் பிறகு உரிமைப் போராட்டம் வழக்குமன்றங்களுக்கு இடம் மாறியது.

சனதும் முதல் வாரிசு வழக்கும்

1803-இல் கம்பெனி, சிறையிலிருந்த சேதுபதியின் உடன்பிறந்தவரான மங்களேசுவரி நாச்சியாருக்கு நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி இராமநாதபுரத்தை ஜமீனாக வழங்கியது. சனது எனப்படும் இந்த உரிமை ஆவணம், பேஷ்குஷ் என்னும் நிலையான தொகையை ஆண்டுதோறும் செலுத்தும் கடமையோடு, வழிவழியாக ஜமீனை அனுபவிக்கும் உரிமையைத் தந்தது. படை வைத்துக்கொள்ளுதல், குற்றங்களுக்குத் தண்டனை வழங்குதல் முதலிய அரச அதிகாரங்கள் அத்தோடு அற்றுப்போயின. நாடாண்ட மரபு, வரி கட்டும் நிலக்கிழார் குடும்பமாகத் தாழ்ந்தது. ஆயினும் நிலக்கிழாரின் சொத்து நாட்டின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டது; அதன்மேல் எழும் பிணக்கை நீதிமன்றம் விசாரித்தாக வேண்டும். தாழ்வாகக் கருதப்பட்ட இந்த நிலைமாற்றமே பின்னாளில் குடும்பத்துக்குக் காப்பாக அமைந்தது.

மங்களேசுவரி நாச்சியாருக்குப் பின் அவருடைய தத்துப்பிள்ளையான அண்ணாசாமி பட்டத்துக்கு வந்தபோது, நீக்கப்பட்ட சேதுபதியின் மகளான சிவகாமி நாச்சியார் தாமே வாரிசு என்று வழக்குத் தொடுத்தார். நீண்டுசென்ற அவ்வழக்கின் இறுதியில் ஜமீன் அண்ணாசாமியின் வழியிலேயே நிலைத்தது. படையால் இழந்ததைச் சட்டத்தால் மீட்கும் இம்மரபின் முதல் முயற்சி, குடும்பத்துக்குள் நடந்த பங்காளி வழக்காகவே முடிந்தது.

1847-ஆம் ஆண்டின் தத்தும் அரசின் மறுப்பும்

அண்ணாசாமிக்குப் பின்வந்த இராமசாமி சேதுபதி 1830-இல் ஆண் மகவின்றி இறந்தார். அவருடைய பெண் மக்களும் பின்னர் மறைந்தனர். அவருடைய மனைவியான இராணி பர்வதவர்த்தனி நாச்சியார் 1847-இல், மாமியார் முத்து வீராயி நாச்சியாரின் ஒப்புதலையும் சபிண்டர்களின் இசைவையும் பெற்று, முத்துராமலிங்கம் என்னும் சிறுவனைத் தத்தெடுத்தார். சபிண்டர் என்பது நெருங்கிய இரத்த உறவுடைய பங்காளிகளைக் குறிக்கும் சாத்திரச் சொல்.

தத்தெடுக்கும்படி கணவர் கூறிச்சென்றதற்குச் சான்று இல்லை என்பதால் அந்தத் தத்து செல்லாது என்றும், இராணியின் காலத்துக்குப் பின் ஜமீன் வாரிசற்ற சொத்தாக அரசையே சேரும் என்றும் மாகாண அரசு நிலைப்பாடு எடுத்தது. தலைமை ஆளுநர் டல்ஹவுசி பிரபு சத்தாரா, ஜான்சி முதலிய சிற்றரசுகளைத் தத்துரிமையை மறுத்துக் கம்பெனி ஆட்சியோடு இணைத்ததும் இதே காலப்பகுதியில்தான். 1862-இல் இராணி மறைந்ததும் கேள்வி முற்றிய நிலையை அடைந்தது. அரசின் சார்பில் மதுரை கலெக்டர் ஒரு பக்கமும், தத்துப்பிள்ளையான முத்துராமலிங்க சேதுபதி மறுபக்கமும் நின்றனர். 1864-இல் சென்னை உயர் நீதிமன்றம் தத்து செல்லும் என்று தீர்ப்பளித்தது. கலெக்டர் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தார்.

ஒரு வாக்கியம், நான்கு பொருள்

தத்து குறித்து வசிட்டர் பெயரால் வழங்கும் பழைய விதியொன்று, கணவனின் இசைவின்றிப் பெண் பிள்ளையைக் கொடுக்கவோ கொள்ளவோ கூடாது என்ற கருத்தைச் சொல்கிறது. இந்த ஒரே விதிக்கு நான்கு வட்டாரங்களின் உரையாசிரியர்கள் நான்கு வகையாகப் பொருள் கண்டனர். தத்தெடுக்கும் நேரத்திலேயே கணவனின் இசைவு வேண்டும், எனவே கைம்பெண் தத்தெடுக்கவே முடியாது என்றனர் மிதிலை நாட்டார். கணவன் வாழ்ந்தபோது தந்த இசைவு அவனுக்குப் பிறகும் செல்லும் என்பது வங்காளத்தாரின் கொள்கை. கணவன் இல்லாதபோது இந்தத் தடை பொருந்தாது என்று மராட்டிய நாட்டில் கொள்ளப்பட்டது. கணவனின் இசைவு இல்லாத குறையைச் சபிண்டர்களின் இசைவு நிரப்பும் என்பது திராவிட தேசத்தின் வழக்காகக் கூறப்பட்டது.

பிரிவி கவுன்சிலின் சார்பில் சர் ஜேம்ஸ் கால்வில் வழங்கிய தீர்ப்பு, நூல்களின் மூலவாக்கியங்களைத் தான் புதிதாக ஆராய்ந்து முடிவு காண்பது நீதிபதியின் வேலையன்று என்றும், அந்த விதி எந்த வட்டாரத்தில் எவ்வாறு ஏற்றுக்கொள்ளப்பட்டு நடைமுறையில் நின்றிருக்கிறது என்பதைக் காண்பதே அவர் கடமை என்றும் கொண்டது. இந்து சட்டமுறையில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட நூல்விதியையும் விஞ்சி நிற்கும் என்ற கொள்கை இத்தீர்ப்பால்தான் புகழ்பெற்றது. தென்னாட்டுப் பண்டிதர்களின் கருத்துகளும் முந்தைய தீர்ப்புகளும் சபிண்டர் இசைவைப் போதுமானதாகக் காட்டியமையால், இராமநாதபுரத்துத் தத்து செல்லும் என்று முடிவாயிற்று. பங்காளிகள் அனைவரும் ஒருமிக்க வேண்டியதில்லை என்றும், கைம்பெண் சமயக் கடமையை நல்லெண்ணத்தோடு நிறைவேற்றினாள், மனம்போன போக்கிலோ ஆதாயம் கருதியோ செய்யவில்லை என்று காட்டும் அளவுக்கு உறவினர் இசைவு இருந்தால் போதும் என்றும் தீர்ப்பு விளக்கியது.

தஞ்சாவூர், சிவகங்கை வழக்குகளோடு ஒப்பீடு

இத்தீர்ப்பின் அருமை தஞ்சாவூர் அரச குடும்பத்துக்கு நேர்ந்ததோடு ஒப்பிடும்போது நன்கு விளங்கும். மராட்டிய மன்னர் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சாவூர் அரசு முடிவுற்றது எனக் கம்பெனி அறிவித்து, 1856-இல் அரண்மனையோடு குடும்பத்தின் சொந்தச் சொத்துகளையும் கைப்பற்றியது. மன்னரின் மனைவி காமாட்சி பாயி தொடுத்த வழக்கில் சென்னை உச்ச நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தபோதும், பிரிவி கவுன்சில் 1859-இல் அதை மாற்றியது. ஓர் அரசு மற்றோர் அரசின்மேல் தன் இறையாண்மையைக் கொண்டு செய்யும் செயல் அரசுச் செயல் எனப்படும். அது நியாயமோ அநியாயமோ, உள்நாட்டு நீதிமன்றம் அதை விசாரிக்க இயலாது என்பதே அந்த முடிவின் அடிப்படை. 1862-இல் சொந்தச் சொத்துகள் இராணிகளிடம் திருப்பித் தரப்பட்டபோது, அவை அரசின் கொடையாகவே வந்தன, உரிமையாக வரவில்லை.

சிவகங்கை வழக்கு இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. 1801-இல் கம்பெனியால் ஜமீன்தாராக்கப்பட்ட கௌரிவல்லபத் தேவர் 1829-இல் இறந்தபின், அவருடைய உடன்பிறந்தாரின் வழியினரும் பெண்வழியினரும் பல்லாண்டுகள் வழக்காடினர். ஜமீன் அவர் தாமே ஈட்டிய தனிச்சொத்து என்று 1863-இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்ததால், அவருடைய மகள் காத்தம நாச்சியாருக்கு உரிமை கிட்டியது.

மூன்று வழக்குகளையும் சேர்த்து நோக்கினால், இழந்த சொத்து திரும்புமா என்பதை அநீதியின் அளவு தீர்மானிக்கவில்லை என்பது புலப்படும். அரசரிடமிருந்து பறிக்கப்பட்டதற்கு நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லை. ஜமீன்தாரிடமிருந்து பறிக்க முயன்றதற்கு உண்டு. 1795-இல் பேச வாய்ப்பே பெறாத சேதுபதி மரபு, 1868-இல் கலெக்டரை வென்றதற்கு 1803-ஆம் ஆண்டுச் சனது அதை அரச வரிசையிலிருந்து இறக்கிக் குடிமக்கள் வரிசையில் நிறுத்தியிருந்ததே காரணம்.

விளைவுகள்

வென்ற முத்துராமலிங்க சேதுபதியும் அவருடைய தமையனார் பொன்னுசாமித் தேவரும் தமிழ்ப் புலவர்களை ஆதரித்தவர்கள். பொன்னுசாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். தீர்ப்பு வந்த 1868-ஆம் ஆண்டிலேயே பிறந்த, முத்துராமலிங்க சேதுபதியின் மகன் பாஸ்கர சேதுபதி, விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணைநின்றவர். 1873-இல் முத்துராமலிங்க சேதுபதி இறந்தபோது வாரிசு சிறுவராக இருந்தமையால், இளம் வாரிசுகளின் சொத்தை அரசே மேலாண்மை செய்யும் கோர்ட் ஆப் வார்ட்ஸின் பொறுப்பில் ஜமீன் 1889 வரை இருந்தது.

அக்காலத்தில் இச்சீமையின் சிற்றூர்களிலும் வழக்கு ஒரு வாழ்க்கைத் தொழிலாக வேரூன்றியிருந்தது. 1879-இல் திருச்சுழியில் பிறந்த இரமண மகரிஷியின் தந்தையாகிய சுந்தரம் ஐயர், கணக்கு எழுதும் குமாஸ்தாவாகத் தொடங்கி, மனு எழுதுபவராகி, பின் சான்றிதழ் பெறாத வக்கீலாக அவ்வூரில் தொழில் நடத்தினார். மேல்வாரம், பட்டா, கண்மாய் மராமத்து ஆகியன பற்றி எழும் பிணக்குகளுக்குச் சட்டமொழி தேவைப்பட்டதால், இத்தகைய மனு எழுத்தர்களின் உதவியைக் குடியானவர்களும் நாடவேண்டியிருந்தது.

ஜமீன் ஒழிப்பு

சென்னை மாகாணத்தின் 1948-ஆம் ஆண்டு 26-ஆம் சட்டம் ஜமீன்களை ஒழித்து, விவசாயி நேரடியாக அரசுக்குத் தீர்வை செலுத்தும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தது. இராமநாதபுரம் ஜமீனும் அதன்படி இழப்பீட்டுக்கு உட்பட்டு அரசுடைமையாயிற்று. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களைப் பல மாநிலங்களின் ஜமீன்தார்கள் எதிர்த்து வழக்காடியபோது, 1951-இல் அரசமைப்பின் முதல் திருத்தம் அச்சட்டங்களை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துப் பாதுகாத்தது. இந்திய ஒன்றியத்தோடு இணைந்த சமஸ்தானமான புதுக்கோட்டையின் மன்னருக்கு மன்னர் மானியம் கிடைத்தது. ஜமீன்தாராக இருந்த சேதுபதிக்கு அவ்வுரிமை இல்லை. நீதிமன்றத்தின் கதவைத் திறந்துவிட்ட 1803-ஆம் ஆண்டுச் சனது, மானியத்தின் கதவை அடைத்தது. சேதுபதி மரபின் ஷண்முக ராஜேஸ்வர சேதுபதி 1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வென்று சட்டமன்றம் சென்று, காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றார்.

மதிப்பீடு

இவ்வழக்கு நிறுவிய சபிண்டர் இசைவு விதி, 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் கைம்பெண்ணுக்குத் தன்னுரிமையாகவே தத்தெடுக்கும் அதிகாரத்தைத் தரும் வரை, ஏறத்தாழ 88 ஆண்டுகள் தென்னாட்டில் சட்டமாக நின்றது. பர்வதவர்த்தனி நாச்சியார் பங்காளிகளிடம் கேட்டுப் பெற்ற இசைவைச் சாதாரணக் குடும்பங்களின் கைம்பெண்களும் அதே விதியின்கீழ் கேட்டுப் பெற்றனர். நூலில் எழுதப்பட்டதைவிட ஊரில் வழங்கிவந்ததற்கு மதிப்பளித்த தீர்ப்பு என்பது இவ்வழக்கின் பெருமை. அதே ஊரில் களத்தில் நெல்லை அளந்து கொடுத்தவர்களின் உரிமை இந்த வழக்கில் கேள்வியாக எழுப்பப்படவே இல்லை என்பதும் அதே வரலாற்றோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டியது.