வெட்டுத் தழும்புள்ள உரோமானியப் பொற்காசுகள்: அருமையும் சான்றும்

பொம்மையார்பாளையம் புதுச்சேரிக்கும் மரக்காணத்திற்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர். எரித்திரியக் கடலின் பெரிப்ளுஸ் கூறும் பொதுகேயை இதன் தெற்கேயுள்ள அரிக்கமேடு எனப் பெரும்பாலான அறிஞர் கொள்வர். சோபட்மாவை வடக்கேயுள்ள மரக்காணத்தோடு இணைப்போரும் உளர். இத்தகைய துறைகள் வழியே நிகழ்ந்த வணிகத்தில் உரோமானியப் பொன் தமிழகம் வந்தது. அப்பொன் இங்கு எவ்வாறு மதிக்கப்பட்டது என்பதற்கான வலுவான சான்று, தெற்கே வெகுதொலைவில் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த புதையலாகும்.

அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் 501 பொற்காசுகள் அதில் இருந்தன. அவற்றுள் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு உள்ளது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில் இவற்றை ஆராய்ந்து, காசுகளைச் செலாவணியிலிருந்து நீக்கவே இவ்வெட்டுகள் இடப்பட்டன எனக் கருதினார். பொன்னின் தரத்தைச் சோதிக்கவே வெட்டினர் என்பது மற்றொரு கருத்து. சோதனை மட்டுமே நோக்கமாயின் விளிம்பில் ஒரு கீறல் போதும். தலையையே தேடி வெட்ட வேண்டியதில்லை. ஆதலின் ஹில்லின் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. வெட்டப்பட்ட பின் அது பேரரசரின் காசு அன்று. எடையளவில் மதிக்கப்படும் பொன்.

காசு வெறும் பொன்னாக மதிக்கப்படும்போது உலைக்குச் செல்வது இயல்பு. அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. பிலடெல்பியா அக்கசாலை 1795இல் பொற்காசு வெளியிடத் தொடங்கியது. பின்னர் அக்காசுகளின் உலோக மதிப்பு முகமதிப்பை விஞ்சியதால் பெருமளவில் உருக்கப்பட்டன. 1834ஆம் ஆண்டுச் சட்டம் காசின் பொன்னளவைக் குறைத்ததும் எஞ்சிய பழங்காசுகளும் உலைக்குச் சென்றன. 1822ஆம் ஆண்டு முத்திரையுள்ள ஐந்து டாலர் காசுகளில் இன்று அறியப்பட்டவை மூன்றே. சேகரிப்பாளர் அவற்றைத் தேடுவது இவ்வருமையினால்தான்; எனினும் பழுதற்ற காசுக்கே அவர்கள் உயர்ந்த விலை தருவர்.

வரலாற்றாய்வாளரின் அளவுகோல் இதற்கு மாறானது. இந்தியப் புதையல் சட்டம் (1878) பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. ஆயினும் கண்டெடுத்தவர் காசுகளைப் பொற்கொல்லரிடமோ வணிகரிடமோ தனித்தனியே கொடுத்துவிட்டால், எந்த ஊரில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்ற செய்தி அழிந்துவிடுகிறது. கருக்காக்குறிச்சிக் காசுகள் ஒருசேர ஆராயப்பட்டதனாலேயே வெட்டுகளின் விகிதம் வெளிப்பட்டது. பிரிந்து சென்றிருப்பின் ஒவ்வொன்றும் ஏலப் பட்டியலில் பழுதுற்ற காசு என்றே இடம்பெற்றிருக்கும்.