ஆரணிக்கு வந்த பழைய இரும்பு

ஆரணி என்றதும் பட்டு நினைவுக்கு வரும். வரலாறு படிப்போர்க்கு, 1751 டிசம்பரில் கிளைவின் படை ராசா சாகிபின் படையை வென்ற போரும் நினைவுக்கு வரலாம். எனக்கோ நெசவாளர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் நெடுங்காலமாக ஓடாமல் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரே நினைவில் எழுகிறது. அவருடைய தந்தை பட்டுச்சேலை வணிகம் செழித்த நாளில் வாங்கிய வண்டி அது.

ஹெரால்டு நம் மண்ணின் வண்டிதான். இங்கிலாந்து நிறுவனத்தின் கூட்டுடன் 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஆலை அமைத்தது. இத்தாலியரான மிக்கெலொட்டி வடிவமைத்த ஹெரால்டு அங்கிருந்து 1961 முதல் வெளிவந்தது. இங்கிலாந்தில் அதன் என்ஜின் 1147, 1296 கன சென்டிமீட்டர் என வளர்ந்தது. இங்கே கடைசிவரை 948தான். நான்கு கதவு ஹெரால்டோ இந்தியாவுக்கே உரியது. 1970களில் அதன் வழியில் வந்த கெஸலும் 948 என்ஜினையே சுமந்தது. ஆலை 1988இல் மூடப்பட்டபின், உதிரிபாகம் தேடுவோர்க்குச் சென்னைப் புதுப்பேட்டையே கதியாயிற்று.

நண்பரின் என்ஜின் பிளாக்கில் விரிசல். மாற்று தேடி இருவரும் புதுப்பேட்டைக்குச் சென்றோம். ஒரு கடையில் இரண்டு பிளாக்குகள் இருந்தன. ஒன்று வண்ணம் பூசிப் பளபளத்தது; மற்றொன்று துருவேறிக் கிடந்தது. உடன் வந்த முதிய மெக்கானிக் பளபளப்பைப் பொருட்படுத்தவில்லை. அதன் பிஸ்டன் தலையைத் துடைத்துக் காட்டினார். 040 என்று பொறித்திருந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு ஏற்கெனவே கடைந்தாயிற்று. இனிக் கடைந்தால் சுவர் மெலியும், ஸ்லீவ் இறக்க வேண்டிவரும். துருப்பிடித்ததில் சிலிண்டர் இன்னும் முதல் அளவிலேயே இருந்தது. மேல்விளிம்பை நகத்தால் தடவினார். தேய்மானப் படி மிகச் சிறிது. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணப்பொடி தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். கோடு எதுவும் தோன்றவில்லை. மூன்று பேரிங் மூடிகளும் அந்தப் பிளாக்கின் உடன்பிறப்புகள்தானா என்றும் பார்த்தார். மூடியைப் பூட்டிய பிறகே துளை கடையப்படுவதால், வேறொன்றின் மூடி பொருந்துவதுபோல் தோன்றினாலும் பொருந்தாது.

விலை பேசி முடித்தபின் கடைக்காரர் மெல்லக் கேட்டார்: “ஆர்.சி. புக்கிலே இருக்கிற நம்பரையே இதுலே குத்திக் கொடுத்துடட்டுமா சார்?”

நண்பர் தயங்கியதை நான் மறக்கவில்லை. தந்தையின் வண்டி, தந்தையின் எண். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் வந்த விதிகள், அடிச்சட்டமோ உடலோ என்ஜினோ மாற்றியமைக்கப்படாமல் இருப்பதை வலியுறுத்துகின்றன. எண்ணை மட்டும் பொறித்துவிட்டால் எல்லாம் பழையபடியே தோன்றும். தோன்றும், அவ்வளவுதான். கல்வெட்டில் ஒருவன் புதிதாக எழுத்தை வெட்டிவிட்டு அதைச் சோழன் வெட்டியது என்றால் நாம் என்ன சொல்வோம்? அது சட்டப்படியும் குற்றம். என்ஜினை மாற்றியவர் அதைப் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு.

“வேண்டாம். அதன் எண் அதற்கே இருக்கட்டும். பில்லில் எழுதிக் கொடுங்கள்” என்றார் நண்பர்.

திரும்பும் வழியில் காரணம் கேட்டேன். பாவு தீர்ந்தால் தறியை யாரும் எறிவதில்லை என்றார். பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பார்கள். இணைத்த இடம் எதுவென்று நெய்பவனுக்குத் தெரியும், அதை அவன் மறைப்பதும் இல்லை.

விரிசலுற்ற பழைய பிளாக் இன்று அவர் வீட்டுத் தறிக்கூடத்தின் மூலையில் இருக்கிறது, தந்தையின் எண்ணோடு.