படகுப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? - கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் இரும்பு

தூத்துக்குடியில் படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். நடுக்கடலில் டீசல் லைனில் ஏர் பிடித்து இன்ஜின் நின்றுவிட்டது. ஒரே ஒரு நட்டைக் கழற்றினால் போதும். ஆனால் அவரிடம் இருந்த ஸ்பேனர் வாய் விரிந்து, நட்டின் முனைகளை மழுக்கிவிட்டது. இன்னொரு படகு வந்து கட்டி இழுக்கும்வரை அலையில் மிதந்திருக்கிறார். "உங்க ஊருதான் இரும்புக்குப் பேர் போன ஊராச்சே, நல்ல டூல்ஸ் எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு சொல்லுங்க" என்றார்.

திண்டுக்கல்லில் கடல் இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு இருக்கிறது, அதைச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. நான் கம்ப்யூட்டர்காரன். அதனால் வழக்கம்போல வரலாற்றில் இருந்து தொடங்கினேன்.

பழைய சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. தூரத்தில் நிற்கும் கப்பலில் இருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகுகள் அவை, ஆணியே கிடையாது. கரையில் உடையும் அலை அடிக்கும்போது கயிற்றுத் தையல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகைப் பழுது பார்க்க ஸ்பேனர் எதற்கு, கயிறும் துளை போடும் கருவியும் போதும்.

ஆணி அடித்த மரக்கலங்களுக்கு வேறு பெட்டி. பலகை இடுக்கில் எண்ணெயில் தோய்த்த பஞ்சையோ நாரையோ திணித்து அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர், அகராதியில் கலப்பற்று. 'கலஃபாத்' என்ற போர்ச்சுகீசியச் சொல்லோடு உறவுடையது. இதற்கான உளி வேண்டுமென்றே மழுங்கலாக இருக்கும். கூராக இருந்தால் நாரை அறுத்துவிடும், அடைப்பு நிற்காது. உளி நல்லதா என்பதை அதன் கூர் மட்டும் சொல்லாது, செய்யப்போகும் வேலைதான் சொல்லும்.

மூன்றாவது பெட்டி இன்ஜினோடு வந்தது. 1953-இல் கொல்லம் பக்கம் நீண்டகரையில் தொடங்கிய இந்திய - நார்வே திட்டம் மீன்பிடிப் படகில் இயந்திரம் வைப்பதை ஊக்குவித்தது. படகில் இயந்திரம் ஏறியபோது நட்டு, போல்ட்டு, ஸ்பேனர் எல்லாம் கூடவே ஏறின. துருவும்தான்.

துரு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடித்தது, மரத்தைப் புழு அரிக்காமல் இருப்பதற்காக. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் தகடு நன்றாக இருக்கிறது, அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து கூழாகிவிட்டன. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். அதில் இரண்டு உலோகம் ஒட்டி நின்றால் அது ஒரு பேட்டரி மாதிரி. செம்பு தப்பிக்கும், இரும்பு கரையும். இதில் ஒரு வேடிக்கை: தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன.

இதையெல்லாம் வைத்து நண்பருக்குச் சொன்னது:

முதலில், அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை மட்டும் நம்பாதீர்கள். ஸ்வீடன்காரர் யோஹான்சன் 1892-இல் காப்புரிமை வாங்கிய அருமையான கருவிதான். ஆனால் அதன் தாடையில் எப்போதும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். துருப்பிடித்த நட்டை அது மழுக்கிவிடும். உங்கள் இன்ஜினில் என்னென்ன சைஸ் நட்டு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, அந்த சைஸ்களில் ஆறு பட்டை ரிங் ஸ்பேனர் வாங்குங்கள். ரிங் நுழையாத பைப் நட்டுகளுக்கு அளவான ஓப்பன் ஸ்பேனர். நாற்பது பீஸ் செட் தேவையில்லை.

இரண்டாவது, எல்லாமே ஸ்டெயின்லெஸ்ஸாக வேண்டும் என்று தேடாதீர்கள். நம் வீட்டுப் பாத்திர வகை ஸ்டெயின்லெஸ்ஸைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. ஸ்பேனருக்குக் குரோம் வனேடியம் எஃகு, அடித்து உருவாக்கியதாக. வார்ப்பு வேண்டாம். கத்தி மட்டும் ஸ்டெயின்லெஸ் இருக்கட்டும். அதுவும் கடல் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும், கழுவித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, எங்க ஊர் சோதனை. கண்ணில் படாத ஓர் ஓரத்தில் அரத்தை லேசாக ஓட்டுங்கள். மட்ட இரும்பை அரம் வெண்ணெய் மாதிரி அறுக்கும், பதம் ஏற்றிய எஃகில் திணறும். கடைக்காரர் முறைத்தால் ஒன்றே ஒன்று வாங்கி வந்து வீட்டில் சோதித்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

கடைசியாக, வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். அலுமினியப் பாகங்களோடு சேர்த்துப் போடாதீர்கள்.

போன வாரம் நண்பர் இங்கேயே வந்து ஏழு ஸ்பேனர் வாங்கினார். ஒவ்வொன்றும் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தது. அதைப் பிரித்துக் கசக்கப் போனவரைத் தடுத்து, "அண்ணாச்சி, அதைத் தூக்கிப் போட்டுறாதீங்க" என்றேன். 'அலார்ம்' கப்பலில் ஆணியைக் காப்பாற்றியது அந்த மாதிரி ஒரு காகிதம்தான்.