பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தால் கவுன்சலர் ஆகிடலாமா? சேரும் முன் தெரிய வேண்டியவை

உத்திரமேரூர் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் 2 முடிச்சிட்டு, சைக்காலஜி எனப்படும் உளவியல் படிக்க நினைக்கிறீங்களா? முழு விவரம் இதோ.

எங்கே படிக்கலாம்?

தாம்பரத்தில் உள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரி (1837-ல் தொடங்கியது), நுங்கம்பாக்கத்தில் உள்ள மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி (1915) இரண்டிலும் பி.எஸ்சி. உளவியல் இருக்கு. எல்லா மதத்தினரும் விண்ணப்பிக்கலாம். செங்கல்பட்டு வரை பஸ்ஸில் போனால், அங்கிருந்து இரண்டு ஊருக்கும் ஒரே மின்சார ரயில்தான்.

செலவு?

அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று முதலிலேயே கேட்டுக்கோங்க. ஃபீஸில் பெரிய வித்தியாசம் வரும். 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் ரூ.1,000 கிடைக்கும்: மாணவிகளுக்கு புதுமைப் பெண், மாணவர்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டம்.

தொலைதூரக் கல்வியில் படிக்கலாமா?

முடியாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் படிப்பை தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்த யு.ஜி.சி. தடை விதித்துள்ளது. நேரடியாக கல்லூரிக்குப் போயே ஆகணும்.

டிகிரி மட்டும் போதுமா?

போதாது. பி.எஸ்சி. முதல் படிதான். கவுன்சலிங் வேலைக்கு பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்பாங்க. மருத்துவ உளவியலாளர் ஆக, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சிப் படிப்பை முடித்துப் பதிவு செய்யணும். மாத்திரை எழுதித் தரும் மனநல மருத்துவர் ஆக, எம்.பி.பி.எஸ். படித்திருக்கணும்.

ஆக, 3 வருஷத்துக்கு மட்டும் கணக்குப் போடாமல், அதற்கு மேல் படிக்கும் காலத்தையும் செலவையும் வீட்டில் பேசி முடிவெடுங்க.