கண்ணுக்குள் முளைக்கும் களை



வயதானால் கண் மங்குவது இயல்புதானே என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். கண்புரை என்றால் அறுவை செய்து நீக்கிவிடலாம். ஆனால் நேரான கதவுச் சட்டம் வளைந்து தெரிந்தாலோ, எதிரே நிற்பவரின் முகம் மட்டும் மறைந்தாலோ, அது வேறொரு நோயாக இருக்கலாம். அந்த நோய்க்கு மருந்து கண்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

கண்ணின் பின்புறத்தில் விழித்திரை இருக்கிறது. எழுத்தையும் முகத்தையும் தெளிவாகக் காட்டுவது அதன் நடுப்பகுதி. அதற்கு அடியில் உள்ள ஓர் அடுக்கு உயிரணுக்கள் அதற்கு உணவூட்டிக் கழிவை அகற்றுகின்றன. முதுமையில் இவ்வடுக்கு நலிகிறது. அப்போது சிலருக்கு அடியிலிருந்து புதிய இரத்தக் குழாய்கள் களைபோல் முளைத்துப் படர்கின்றன. அவை வலுவற்றவை. அவற்றிலிருந்து நீரும் இரத்தமும் கசிந்து பார்வையைக் கெடுக்கின்றன.

இக்குழாய்களை முளைக்க வைப்பது எது? விழித்திரையில் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே குழாய்களை வளர்க்கிறது என்று 1948-இல் ஐசக் மைக்கல்சன் என்ற கண் மருத்துவர் கருதினார். புற்றுக்கட்டியும் இப்படித்தான் தனக்கு வேண்டிய குழாய்களை வரவழைக்கிறது, அதைத் தடுத்தால் கட்டி வளராது என்று 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். பலர் அதை நம்பவில்லை. 1989-இல் நெப்போலியோன் ஃபெராராவும் அவருடைய குழுவினரும் குழாய்களை வளர்க்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்த பிறகே வழி திறந்தது.

அப்பொருளைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்து 2004-இல் குடற்புற்றுக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டே மயாமி நகரில் டாக்டர் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் அதில் சிறிதளவைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தினார். கசிவு குறைந்தது. 2006-இல் கண்ணுக்கென்றே ராணிபிசுமாப் என்ற மருந்து வந்தது. ஆனால் அதன் விலை பல மடங்கு அதிகம். இரண்டும் பார்வையைக் காப்பதில் ஏறத்தாழ சமமே என்று 2011-இல் அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஆய்வு காட்டியது. எளியவருக்கு அது நல்ல செய்தி.

எனினும், ஊசி களையைத்தான் அடக்கும். பட்டுப்போன உயிரணுக்களை மீட்டுத் தராது. அங்கேதான் குருத்தணுக்கள் வருகின்றன. எந்த உறுப்பின் உயிரணுவாகவும் வளரக்கூடிய அணுக்கள் இவை. தோலின் உயிரணுவையே குருத்தணுவாக மாற்றும் வழியை ஜப்பானியர் ஷின்யா யமனாக்கா கண்டார். 2012-இல் நோபல் பரிசும் பெற்றார். 2014-இல் கோபே நகரில், எழுபது வயதைக் கடந்த ஒரு மாதின் தோலிலிருந்து அவ்வாறு வளர்த்த மெல்லிய அடுக்கை மருத்துவர்கள் அவருடைய கண்ணில் பொருத்தினர். ஓராண்டு கழிந்தும் அடுக்கு நிலைத்திருந்தது. பார்வை கூடவில்லை, குறையவுமில்லை. இன்றும் இது ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

ஆகவே, இழந்த பார்வையை மீட்பதைவிட இருப்பதைக் காப்பதே எளிது. வீட்டுப் பெரியவர்களை அவ்வப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் சன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி வளைந்து தெரிந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புகைபிடிப்பது இந்நோய்க்கு வழிவிடும். அதையும் கைவிடச் சொல்லுங்கள்.