மூணாறு வெள்ளமும் ஒரு கான்ஃபிக் வரியும்

மூணாறுப் பக்கம் எங்க ஆட்கள் கூடினால் இரண்டு வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வராமல் இருக்காது. ஒன்று 1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் 99 வெள்ளம். குண்டளை ரயில் பாதையையே அடித்துக்கொண்டு போனது; திரும்பப் போடவே இல்லை. இன்னொன்று 2018 ஆகஸ்ட். பழைய மூணாறில் எங்க வீட்டுப் பத்திரம், அப்பாவின் எஸ்டேட் சர்வீஸ் காகிதம் எல்லாம் கூழ். ஸ்கேன் மட்டும் துபாயில், என் லினக்ஸ் சர்வரில்.

அண்ணன் பையன் பள்ளிக்கூடத்திலேயே லினக்ஸ் படித்தவன் (கேரளாவாச்சே!), அங்கே அவன் பார்த்துக்கொண்டான். கொண்டுவந்து சேர்த்தது ஆர்சிங்க். 1996-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் எழுதியது. மாறின துண்டை மட்டும் அனுப்பும், மலை நெட்டுக்கு அதுதான் தாங்கும். ஹார்ட் லிங்க் வைத்து தினசரி நகல் எடுக்க மைக் ரூபெல் வழி சொன்னார். அதை வைத்து நேதன் ரோசன்க்விஸ்ட் செய்தது ஆர்ஸ்நாப்ஷாட்.

அதன் கான்ஃபிக் ஃபைலில் எனக்கு ஒரு ராத்திரி போச்சு. நடுவில் ஸ்பேஸ் கூடாதாம், டேப்தான் வேணுமாம் :-) அதைவிட மோசம், யூஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளெல்லாம் நகல் மெயின் டிஸ்க்கில் விழுந்து அதை நிரப்பிவிட்டது. நகல் ஃபோல்டரை யூஎஸ்பி டிஸ்க்குக்குள்ளே வைத்து, 'நோ கிரியேட் ரூட்' வரியின் முன்னால் இருந்த # குறியை எடுத்தேன். இனி டிஸ்க் இல்லையென்றால் வேலையே தொடங்காது. மெயின் டிஸ்க்கில் தப்பாக முளைத்த பழைய ஃபோல்டரையும் அழிக்கணும், மறந்துடாதீங்க.

இது 2017 கதை. மறு வருஷம் ஸ்கேனில் இருந்த பத்திர எண்ணைக் காட்டித்தான் அண்ணன் பதிவு ஆபீஸில் நகல் வாங்கினார்.